இடது கைக்காரர்

மயிலாப்பூர்
9 ஜனவரி 2024

அன்புத் தம்பி உபைதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசத் துணிச்சல் இல்லை, அதனால்தான் கடிதம். லண்டன் பத்திரிகையில் நீ எழுதியது தமிழில் வந்து, பட்டினப்பாக்கம் மீன் கடை வரைக்கும் சுற்றுகிறது. போலிக் கையெழுத்து போட்டுக் குடிசைகளைக் காலி செய்யப் பார்த்த கம்பெனி ஆட்டம் கண்டிருக்கிறது. பெருமைதான். ஆனால் அந்தப் போலிக் காகிதங்களைத் தந்த கனகராஜின் பெயரை மாற்றிவிட்டு, 'இடது கையால் வலை பின்னுகிறவர்' என்று எதற்கு எழுதினாய்? அந்தக் கரையில் இடது கைக்காரர் அவர் ஒருவர்தான். நேற்று இரண்டு பேர் வந்து, அவர் பின்னுவதையே பார்த்துவிட்டுப் போனார்களாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

உன் மச்சான் விட்டுப்போன புறாக்கள் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா ஜுவேரியா

லண்டன்
20 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீ சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. இருபது வருஷமாக இந்த ஊரில் எனக்குச் சோறு போடுவதே இப்படிப்பட்ட விவரங்கள்தான். அந்தக் கையை எடுத்துவிட்டால் அவர் யாரோ ஒரு மீனவர், யார் படிப்பார்கள்? கொஞ்ச நாள் வெளியூர் போயிருக்கச் சொல்.

உபைத்

மயிலாப்பூர்
3 பிப்ரவரி

உபைத்,

கனகராஜைக் காணவில்லை. வியாழக்கிழமை டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. பாதி பின்னிய வலை அப்படியே கிடக்கிறது. அவர் மனைவி அழவில்லை. "உன் தம்பி பேர மாத்தினாரு, கைய மாத்தலியேம்மா" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காகிதங்களை வாங்கி உனக்கு அனுப்பியது நான் என்று இதுவரை அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இனி பத்திரிகையில் இதைப் பற்றி எழுதாதே.

ஜுவேரியா

லண்டன்
14 பிப்ரவரி

அக்கா,

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு என்னுடையதுதான். எனக்குத் தெரிந்தது எழுத்து ஒன்றுதான், கனகராஜுக்காக இன்னொரு கட்டுரை எழுதிவிட்டேன். நேற்று பத்திரிகையில் வந்தது. உன் பெயர் எங்கேயும் இல்லை, பயப்படாதே.

உபைத்

மயிலாப்பூர்
24 பிப்ரவரி

தம்பி,

உன் கடிதம் வருமுன்பே கட்டுரை வந்துவிட்டது. 'காகிதங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர், மயிலாப்பூரில் மொட்டை மாடியில் புறா வளர்க்கும் ஒரு விதவை.' அழகாகத்தான் எழுதியிருக்கிறாய்.

இன்று காலை கூண்டைத் திறந்து எல்லாவற்றையும் விரட்டிவிட்டேன். சாயங்காலம் ஒன்று விடாமல் திரும்பி வந்துவிட்டன. எதிரே பைக்கை நிறுத்திவிட்டு இரண்டு பேர், அவை இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா