வண்டி போகாத தீவுக்குப் போகும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். நலம் என்று எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை எழுந்துபோய் அவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன், கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் இருமினால்கூட எதற்கு இருமினேன் என்று கேட்கிறாள். அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

சுற்றி வளைக்கவில்லை. அந்தத் தீவுப் பயணத்தை நிறுத்திவிடு. நான் சொன்னதாக இருக்க வேண்டாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு, அவர் மேல் மட்டும் அம்மாவுக்குக் கோபம் வராது. நீ அனுப்பிய படங்களை எல்லாம் அவள் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், தண்ணீர் எடுக்கப் போனால் நாம் தங்கப்போகும் அந்த மரவீடும் படகுத்துறையும்தான் என் கண்ணில் படுகின்றன. அகலமாக ஒரு தொப்பி வாங்கியிருக்கிறாள், வீட்டுக்குள்ளேயே போட்டுப் பார்க்கிறாள். வாண்டுவோடு ஒரே படகில் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் ஆசைப்படுவது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் உன்னிடம் கெஞ்சுகிறேன்.

கார் இல்லாத தீவு என்று நீ பெருமையாகச் சொன்னாய். புகை இல்லை, ஹாரன் இல்லை, ஆட்கள் நடந்தோ சைக்கிளிலோ போவார்கள், பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து தருவார்கள் என்றாய். கேட்டதும் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்றுதான் நினைத்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஆம்புலன்ஸ் ஓட்டியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம், அந்த வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இன்றைக்கும் நம் காரைத் தெருவைப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன், அவசரத்தில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்று. அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்ச் காரே ஓடாத இடத்தில் விடப் பார்க்கிறாயே. அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தப் படகுத்துறை ஆபீசுக்குப் போன் போட்டேன். தீவில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டிக்கெட் கொடுக்கிறவர், படகுலதான் சார் கொண்டுபோவோம் என்றார். காற்று பலமாக அடித்தால் என்று கேட்டேன். காத்து நின்னதும் கெளம்பிடுவோம் சார் என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன், அப்போதுதான் என் பயம் உனக்குப் புரியும். எங்கள் வண்டியில் டிரைவருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. பின்னால் இருக்கும் நர்ஸ் அதில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, தொடர்ந்து தட்டினால் பறந்து போ. டிரைவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ரோட்டை விட்டுவிடுவான். வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் அவசரம் இல்லை. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு ஆம்புலன்சுக்குக் காத்திருக்க மனம் வராமல் நம் காரிலேயே பின்சீட்டில் படுக்க வைத்து ஓட்டினேன். கூட யாரும் இல்லை. என் சீட்டின் முதுகில் தட்டிக்கிட்டே வா, நிறுத்தாதே என்று அவளிடம் சொன்னேன். தட்டிக்கொண்டே வந்தாள். மேம்பாலம் ஏறும்போது நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை பாப்பா. பார்க்கத் தைரியம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து கதவைத் திறந்து, மூச்சு இருக்கு என்று சொல்லும்வரை நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. டாக்டர் ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டார், இப்போது தாராளமாகப் போய் வரலாம் என்றும் சொல்கிறார். அவர் சொல்வார். மேம்பாலத்தில் ஓட்டிக்கொண்டு போனது நான் அல்லவா.

இங்கிருந்து பேனா மாறியிருப்பது உனக்கே தெரியும். மேலே உள்ளதை எழுதி மடித்து என் சட்டைப் பையில் வைத்திருந்தேன், தபாலில் போடப் போகும்போது அம்மா பிடித்துக்கொண்டாள். கடிதத்தை அல்ல, என்னைத்தான். தீவில் போய் எல்லார் முன்னாடியும் முழிக்க வேண்டாம், ஏரியில ஒரு தடவை துடுப்புப் போட்டுப் பழகிட்டு வரலாம் வாங்க என்று தொப்பியோடு கிளம்பி நிற்கிறாள். மறுத்தால் காரணம் கேட்பாள். கடிதத்தோடு போனேன்.

துடுப்புப் படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டுமாம், இது எனக்கு இத்தனை வயதில் தெரியாது. படகுக்காரர் என் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்துவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டார். அம்மா படகின் மறுகோடியில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். வழியைப் பார்க்காமல் எப்படி ஓட்டுவது? கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் படகு ஒரே இடத்தில் சுற்றியது, கரையில் இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. நான் சொல்றேன், நீங்க போடுங்க என்று அம்மா மோதிரத்தால் படகின் விளிம்பில் தட்ட ஆரம்பித்தாள். ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது. அவள் இடது எனக்கு வலது என்பதில் முதலில் கொஞ்சம் சண்டை, பிறகு படகு ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் என் கழுத்து மட்டும் பழக்கதோஷத்தில் படகு போகும் பக்கமே திரும்பியிருந்தது. ஏரியின் நடுவுக்கு வந்தபோது தட்டல் நின்றுவிட்டது.

ஏரி எல்லாம் மறந்துபோய் மேம்பாலத்தில் இருந்தேன். துடுப்பை விட்டுவிட்டு அப்படியே எழுந்து நின்றேன். ஆம்புலன்ஸ் டிரைவரைத் தவிர வேறு யாரும் இந்தக் காரியம் செய்திருக்க மாட்டார்கள். படகு சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வந்தது, அம்மா இரண்டு கையாலும் என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தொப்பி தண்ணீரில் போய்விட்டது. எதிர்ல ஒண்ணுமே இல்ல, நேரா போய்க்கிட்டிருந்தோம், எதுக்குத் தட்டணும் என்று கத்தினாள். உயிர் போய் உயிர் வந்தது. அங்கேயே நனைந்து உட்கார்ந்தபடி அவளிடம் மேம்பாலத்தைப் பற்றிச் சொன்னேன், சட்டைப் பையில் இருந்த கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அழுதேன் என்றுதான் எழுத வேண்டும்.

அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே, எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனைச்சீங்களா, வீட்டுக்குள்ள உக்காந்தும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன், அதைத் தண்ணியில என் பேரனோட உக்காந்து பயந்துக்கறேன் என்றாள். அன்னிக்கு நீங்க ரோட்டைப் பாக்கணும், திரும்ப முடியாது, இப்ப நான் எதிர்லதானே இருக்கேன், வழியை நான் பாத்துக்கறேன், நீங்க என்னைப் பாருங்க என்றாள். அப்புறம் துடுப்பு போட்டேன். முதலில் தொழில் புத்தியில் அவள் உதடு நீலமாகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். பிறகு சும்மா பார்த்தேன். முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, தொப்பி போன கோபத்தோடு தட்டிக்கொண்டிருந்தாள். என் வண்டியில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், ஓட்டிக்கொண்டு போகும்போது ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

அதனால் பயணத்தை நிறுத்தாதே. மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை, அப்பாவின் பயம் எவ்வளவு என்று உனக்கும் தெரியட்டும். அது இன்னும் போகவில்லை. அந்த மரவீடு வேண்டாம், படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார். அம்மாவின் மாத்திரையை உன் பையிலும் ஒரு பங்கு வைத்துக்கொள். தீவில் நர்ஸ் யாராவது குடியிருக்கிறார்களா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். காற்று அடிக்கிற நாளில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, வாண்டு எவ்வளவு அழுதாலும் சரி.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வாண்டுவுக்கு அளவான லைஃப் ஜாக்கெட்டை அங்கேயே வாங்கிவிடு, மறந்துவிடாதே. அம்மாவுக்கு ஒரு தொப்பியும். படகில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும், ஆனால் துடுப்பு என்னிடம், அம்மா எனக்கு எதிரே.

இப்படிக்கு,
முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டப் பழகும்
உன் அப்பா