நானூற்றுப் பன்னிரண்டு பேர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு யாருக்கும் ஒன்றுமில்லை என்ற கணக்கில் இங்கே மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் உறுதியான செய்தி. உன் தம்பி வேலையில் சேரும் தேதியை, அவனுக்கு வேலைக் கடிதம் கொடுத்த கம்பெனி மூன்றாவது முறையாகத் தள்ளிவைத்துவிட்டது. நேற்று, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு வந்த மின்னஞ்சலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானே இரண்டு தடவை படித்தேன், பிறகு கம்பெனிக்குப் போன் போட்டும் கேட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "வேலை இல்லேன்னு சொல்லல சார், இப்ப இல்லேன்னுதான் சொல்றோம்" என்றாள். எத்தனையோ அதிகாரிகளிடம் பேட்டி எடுத்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமான பதிலை யாரும் எனக்குத் தந்ததில்லை. அடுத்த தேதி எப்போது என்றதற்கு மூன்று மாதத்தில் தெரிவிப்போம் என்றாள். அம்மா நேற்று முழுக்கப் பாத்திரங்களிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். அவன் இஞ்சினியராகச் சேர்ந்துவிட்டான் என்று இந்தத் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது, அதனால் இப்போதெல்லாம் பின்பக்க வழியாகத்தான் கடைக்குப் போகிறாள்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை தம்பியின் பட்டச் சான்றிதழை வாங்க அவனோடு அவன் கல்லூரிக்குப் போனேன். வேலைவாய்ப்பு அறையில் அதே பழைய அதிகாரி, தலை மட்டும் நரைத்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் அவர் காட்டிய பட்டியலை வைத்துத்தான் நான் பத்திரிகையில் எழுதினேன், உனக்கு நினைவிருக்கும், நானூற்று முப்பது மாணவரில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை என்று. அம்மா கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிய செய்தி. அந்தப் பட்டியலை இன்னொரு முறை பார்க்கலாமா என்று சும்மாதான் கேட்டேன். சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்க இரண்டு மணி நேரம் ஆனது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் எண்ணினேன். வரிகள் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஆட்கள் நூற்று எண்பத்தேழு. ஒரே பெண்ணுக்கு ஏழு கம்பெனிகள் கடிதம் கொடுத்திருந்தன, அவளை ஏழு பேராக நான் எழுதியிருக்கிறேன். அதிகாரி கோபப்படவில்லை. "எத்தனை வேலைன்னுதான் கேட்டீங்க, எத்தனை பேருன்னு கேக்கலியே சார்" என்றார். அந்தச் செய்தியை எழுதிய அன்றே நீ கேட்டாய். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, இது வேலைங்களோட எண்ணிக்கையா, ஆளுங்களோட எண்ணிக்கையா?" என்று கேட்டாய். பக்கம் அச்சுக்குப் போகிற அவசரத்தில், "உன் கணக்கையெல்லாம் காலேஜோட வச்சுக்கோ" என்று விரட்டிவிட்டேன். உன்னைப் போலவே கணிதம் படிக்கிறேன் என்று விண்ணப்பம் பூர்த்தி செய்து வைத்திருந்த தம்பி, அந்தச் செய்தி வந்த வாரம்தான் அதைக் கிழித்துவிட்டுப் பொறியியலில் சேர்ந்தான். நான் வற்புறுத்தவில்லை. அலமாரிக் கதவே வற்புறுத்தியது.

பஸ்ஸில் வரும்போது எண்ணியதை அவனிடம் சொன்னேன், திட்டுவான் என்று நினைத்தேன். அவனோ, "எங்கிட்டயும் ஒரு லெட்டர் இருக்கேப்பா, அப்ப போன வருஷ லிஸ்ட்ல நானும் வேலை கிடைச்சவன்தான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, லாரி நிலையத்துக்குப் பின்னால் எடை இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனான். பட்டறை முதலாளியைத் தராசுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இருபது கிலோ இரும்பு எடைக்கல்லை எடை மேடையின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்து, எந்த மூலையில் எத்தனை கிராம் தப்பாகக் காட்டுகிறது என்று எழுதுகிற வேலை. எழுதியதோடு நிற்காமல் தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று இவன் ஒரு வரைபடமும் போட்டுக் கொடுத்திருக்கிறான். "இஞ்சினியர்னெல்லாம் கூப்பிட மாட்டேன் தம்பி, ஆனா வர்றியான்னு இந்தத் திங்கள் இல்ல, அடுத்த திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள சொல்லு, அதுக்கு மேல எடத்தைப் போட்டு வைக்க முடியாது" என்றாராம். கை முழுக்கக் கரியோடு வந்து, மூன்றாவது தடவை சோறு கேட்டான். எத்தனையோ மாதமாக அப்படிக் கேட்டதில்லை.

சிக்கல் என்னவென்றால் வேறு எங்கு சேர்ந்தாலும் கம்பெனிக் கடிதம் செல்லாது, அதிலேயே எழுதியிருக்கிறது. இவ்வளவு நாள் காத்தாச்சு இன்னும் மூணு மாசம்தானே என்கிறாள் அம்மா. கணக்குக்கு எங்க போனாலும் மவுசுன்னு அன்னிக்கே சொன்னேனே என்கிறார் உன் மாமா. நீ கணிதத்தில் சேர்ந்தபோது வாத்தியார் வேலைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு என்று கேட்டவரும் அவரேதான். உங்கள் பிரிவில் பதினொரு பேரில் மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. தம்பி என் முகத்தைப் பார்க்கிறான். அவனுக்காக நான் நம்பியது ஒருமுறை அச்சில் வந்தது போதும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ அவனைக் கூப்பிடு. போ என்றும் சொல்லாதே, இரு என்றும் சொல்லாதே. உங்கள் ஆபீஸில் நடப்பதை மறைக்காமல் சொல், அக்கா சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்வான். தபாலில் போட்டால் திங்கள் தாண்டிவிடும் என்பதால்தான் எழுதியதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா, வலி நின்றுவிட்டது என்று விட்டுவிடாதே. உடம்பு நன்றாக இருந்து, நிம்மதியான தூக்கமும் நிலையான வேலையும் உனக்கு அமையட்டும்.

அந்தச் செய்திக்கு நான்கு வரித் திருத்தம் எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். "அஞ்சு வருஷம் முந்தின நியூஸுக்கு யார் சார் திருத்தம் போடுவா" என்றார் இப்போதைய ஆசிரியர், ஒருகாலத்தில் என்னிடம் தொழில் பழகியவர்தான், நாளைய கூட்டத்தில் வைக்கிறேன் என்றிருக்கிறார். கம்பெனியின் தேதி மூன்று மாதத்தில். தம்பியின் பதில் திங்கள் காலை பத்து மணிக்கு. அவன் என்ன சொல்வான் என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது, ஊகித்து எழுதவும் மாட்டேன்.

உன் அப்பா