காவலாளி கொடுக்காத விஷம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். மனசுதான் சரியில்லை.

நான் கார் ஓட்டும் வீட்டில் குண்டன் என்று ஒரு நாய் இருக்கிறதே, காலையில் அதை வளாகத்துக்குள் நடத்திப் போவதும் என் வேலைதான். போன வியாழக்கிழமை மதிலோரத்து மரங்களைக் கழிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். இலையை எல்லாம் உருவி மூட்டை கட்டிவிட்டு, குச்சிகளை மட்டும் வாசல் பக்கம் அடுக்கி வைத்திருந்தார்கள். நேராக, வழவழவென்று ஒன்று கண்ணில் பட்டது, எடுத்து வீசினேன். குண்டன் கவ்விக்கொண்டு போய்ப் புல்லில் படுத்து மென்றது. விளையாடட்டும் என்று காவலாளியோடு டீ குடித்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்குள் அது வாந்தியெடுத்து, எச்சில் வழியச் சுருண்டு விழுந்துவிட்டது.

உடனே குடியிருப்போர் சங்கச் செயலாளர் இறங்கி வந்து, காவலாளிதான் விஷம் வைத்தான் என்றார். போன மாதம் குண்டன் அவன் கால்சட்டையைக் கிழித்தபோது, "என்னைக்காவது இது என் கையாலதான் சாகப்போகுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். சிரித்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள், சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு அவனைக் காவலறையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். காலையெல்லாம் அவன் என்னோடு நின்றவன். அதைக்கூட நான் வாய் திறந்து சொல்லவில்லை.

இரவெல்லாம் குண்டனுக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் மறுநாள், அது வாந்தியெடுத்ததில் கிடந்த பட்டையைப் பார்த்துவிட்டு, அரளிக் குச்சியை இதற்கு யார் கொடுத்தது என்று கேட்டார். அரளி விஷமென்று தெரியாதவனா நான். ஆனால் இலையும் பூவும் இல்லாத வெறும் குச்சி, எனக்கு உறைக்கவே இல்லை. இலை, பட்டை, காய்ந்த குச்சி எல்லாமே நாயைக் கொல்லும் என்றார். செயலாளரிடம் ஓடிப்போய், வீசியது நான்தான் என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விடுப்பா, வேற ஆள் போட்டாச்சு. இதைக் கிளறினா நமக்குத்தான் அசிங்கம்" என்றார். மரத்தையாவது எடுங்கள் என்றேன். "வருஷம் பூரா பச்சையா நிக்குது, அதை எதுக்கு எடுக்கணும்" என்றார். ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டதை இப்படியும் பேச முடியுமா?

நேற்று காவலாளியைத் தேடிப் போனேன். மைத்துனன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவனோ, "குண்டன் பொழைச்சிட்டானாண்ணே" என்றான். பிழைத்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லப்போகிறேன். அவனைத் திரும்பக் கூப்பிடாவிட்டால் கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். "இந்த வயசுல உங்களுக்கு யாரு ஸ்டியரிங் குடுப்பா" என்று அம்மா சண்டை போட்டாள், பிறகு அவளே என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

நாய்க்குட்டி வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். உன் வாசலில் நிற்பது என்ன மரமென்று தெரிந்தவர்களைக் கேட்டுக்கொள். குச்சி வேண்டாம், பந்து வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையுமில்லாமல் நீ நல்லா இருக்க வேண்டும். எனக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டால் பதறாதே, அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா