வேறிடத்தில் இருந்தவர்கள்

இன்று காலை தேயிலை உலர்த்தும் மெஷினின் விசிறி நின்றுபோனது. பேரிங் எரிந்த நாற்றம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் நான்; புது பேரிங் வந்து சேரவில்லை என்றேன். "அலிபி சொல்லாதே" என்றார் துரை. வெள்ளைக்காரன் பேச்சில் அதற்குச் சாக்கு என்று அர்த்தம், அவ்வளவுதான். எனக்கு உன் முகம் வந்து நின்றது.

சட்டத்தில் அது சாக்கு இல்லை. உன்னைப் பிடித்துப்போன கேஸில்தான் அது தெரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஏலப்பாறை ரோட்டில் கணக்கப்பிள்ளையை யாரோ பின்னாலிருந்து வெட்டிவிட்டு ஓடினார்கள். முந்தின நாள் காலை, வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில் அவரோடு சண்டை போட்டவன் நீ. போலீஸுக்கு அது போதும். "வெட்டலைன்னு சொன்னாப் பத்தாது. அப்ப வேற எங்க இருந்தான்? கூட இருந்தவன் கூண்டுல ஏறிச் சொல்லணும். அதாக்கும் அலிபி" என்றார் உன் வக்கீல்.

நீ காட்டில் இருந்தாய். திருட்டுத்தனமாகச் சுட்ட மிளா மானைக் கூட்டாளிகளோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தாய். இருட்டியபின் என்ஜின் ரூமுக்கு எனக்கும் கறி கொண்டுவந்தாய். அதை நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். வெட்டிவிட்டும் வந்திருக்கலாமே என்பார்களாம்.

"பேரைச் சொல்லித் தொலைடா" என்று லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மாட்டேன் மாப்ளே. பங்கு வாங்குனவன் பேர வெளிய சொல்ற பழக்கம் நமக்குக் கிடையாது. அவனுகளே வருவானுக, பாரு."

எனக்குப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. அன்று எந்தெந்த வீட்டில் மிளாக் கறி வெந்தது என்று மூக்குள்ள எவனுக்கும் தெரியும். கூலிக்காரர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போனேன்.

"எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்லா, பிட்டரே."

"நான் குமுளிச் சந்தைக்குல்ல போயிருந்தேன்."

"அவுக கோயிலுக்குப் போனாக. நானுந்தான் கூடப் போனேன்" என்றாள் ஒருத்தி. அவள் அடுப்புக்கு மேலே உப்புக்கண்டம் தொங்கிக்கொண்டிருந்தது.

கூண்டேறினால் காட்டுக் கேஸ் வரும், வேலை போகும், குடியிருக்கும் லயமும் போகும். பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மன்னிக்கத்தான் வரவில்லை.

விசாரணை முடியுமுன்னே ஜெயில் காய்ச்சல் உன்னை முடித்துவிட்டது. உன்னைத் தூக்க அத்தனை பேரும் வந்தார்கள். அன்றைக்கு எவனுக்கும் காய்ச்சல் இல்லை, சந்தை இல்லை, கோயில் இல்லை.

ஏற்றத்தில் ஒருவன் பக்கத்தில் வந்து, "தோள் மாத்திக்கிடுதேன், பிட்டரே. பாவம், நல்ல பய" என்றான்.

பாடை மூங்கிலை நான் கொடுக்கவில்லை. சுடுகாடு வரை எவனுக்கும் கொடுக்கவில்லை. தோள் உரிந்தது. விடவில்லை. இன்னும் விடவில்லை.