நான்காவது மாடி வழக்கு

மார்ச் 4

லிஃப்ட்காரருக்கு,

நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டில் அப்படியே இருக்கிறதா? இப்படி ஒழுங்காக நாலு வரி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எனக்குக் கல்யாணம்!

சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, கடிதத்தில் காதில் விழாது. மாப்பிள்ளை கால்நடை டாக்டர். இரண்டு வருடமாக என் கடைக்கு வருகிறவர். முதல் மூக்குக்கண்ணாடியை ஒரு நாய் கடித்தது, இரண்டாவதை ஒரு மாடு மிதித்தது. மூன்றாவதை அவரே உடைத்துக்கொண்டு வந்தாரோ என்று எனக்கு இப்போது சந்தேகம். கேட்டால் காது மடல் சிவக்கிறது. ஐம்பத்தோரு வயதில் எனக்கும் சிவக்கிறது, என்ன செய்ய!

ஏப்ரல் பத்தாம் தேதி பதிவுத் திருமணம். அந்த அலுவலகம் புதுக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் இருக்கிறது. நேற்று விண்ணப்பம் கொடுக்கப் போனால் குமாஸ்தா முகத்தைச் சுளித்தார். "பழைய கல்யாணம் முடிஞ்சதுக்குத் தீர்ப்பு நகல் எங்கம்மா? அது இல்லாம நான் இந்தப் பேப்பரைத் தொடவே மாட்டேன்" என்றார். நம் விவாகரத்துத் தீர்ப்பைச் சொல்கிறார்.

அது உங்களிடம்தான் இருக்கும். டூல்ஸ் பெட்டியின் அடியில் பாருங்கள். முக்கியமான காகிதத்தையெல்லாம் கிரீஸ் டப்பாவுக்குக் கீழேதானே வைப்பீர்கள்! போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போன் எடுத்தால் இரண்டாவது நிமிடம் சண்டை வரும் என்றுதானே, பிரிந்த நாளிலிருந்து மகளின் காய்ச்சல் முதல் கல்லூரி வரை எல்லாமே கடிதம் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஏற்பாட்டை இப்போது கெடுக்க வேண்டாம்.

உடனே அனுப்புங்கள். தைலமும் தேயுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி

---

மார்ச் 9

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தை ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். 'எனக்குக் கல்யாணம்' என்ற இடத்தில் ஸ்பேனர் கைநழுவிக் குழிக்குள் விழுந்தது. அதை எடுக்க ஐந்து மாடி இறங்கினேன். அந்த வகையில் உன் மாப்பிள்ளை ஏற்கெனவே எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டார்.

வாழ்த்துகள். மனசாரச் சொல்கிறேன். நாயும் மாடும் ஒருவரை நம்புகின்றன என்றால் ஆள் நல்லவராகத்தான் இருப்பார்.

நகல் என்னிடம் இல்லை. டூல்ஸ் பெட்டி, பீரோ, பழைய சூட்கேஸ் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்துவிட்டேன். மகள் மூன்றாம் வகுப்பில் வரைந்த யானைதான் கிடைத்தது. தீர்ப்பு நகல் உன்னிடம் இல்லாமல் எங்கே போகும்? சட்டைப் பித்தானைக்கூடத் தூக்கிப் போடாதவள் நீ. அதோடு, அன்றைக்கு மாடியேறிப் போய் நீதிபதியிடம் சொல்லி முடித்தவளும் நீதானே. குத்திக்காட்டவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டுகிறேன்.

நம் வக்கீலின் பழைய நம்பருக்குப் போட்டால் சைக்கிள் கடை என்கிறார்கள். அதனால் நேராக நீதிமன்றத்துக்கே போ. கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊரில்தானே மனு போட்டோம்? பதிவேடு அங்கேதான் இருக்கும். உனக்குப் பஸ்ஸில் கால் மணி நேரம். வழக்கு எண் தெரியாவிட்டாலும் இரண்டு பேர் பெயரும் வருடமும் சொன்னால் தேடித் தருவார்கள் என்று இங்கே ஒரு குமாஸ்தா சொன்னார். அவர் ஆபீஸ் லிஃப்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

தைலம் தேய்க்கிறேன். பொய்தான். நாளையிலிருந்து தேய்க்கிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்

---

மார்ச் 17

லிஃப்ட்காரருக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். லிஃப்ட் கூரைமேல் வேண்டாம், தரையில் உட்காருங்கள்.

திங்கட்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டுப் போனேன். முதலில் தப்பான வரிசை. ஒரு மணி நேரம் நின்ற பிறகுதான் அது நிலத்தகராறு வரிசை என்று தெரிந்தது. என் முன்னால் நின்றவர் தன் வரப்பு வழக்கை முழுசாகச் சொல்லிவிட்டார், பாதியில் விட்டு வரவும் மனசில்லை. பிறகு குடும்ப நீதிமன்றக் கட்டடம். அதே கட்டடம்தான், நான்கு மாடி, அதே பச்சை ஜன்னல். பதிவறை கீழ்த்தளத்தில் பின்பக்கம். வாசலில் விண்ணப்பம் வாங்கி, பெயர், வருடம், எதற்காக நகல் வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். 'மறுமணத்துக்கு' என்று எழுதும்போது பேனா துள்ளியது.

உள்ளே தரையிலிருந்து கூரைவரை கட்டுக் கட்டாகக் காகிதம். அத்தனையும் யார் யாரோ பிரிந்த கதை. பதிவறை அம்மா, "பழைய கட்டா? பத்து நாள் ஆகும், போயிட்டு வாங்க" என்றார். அவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு கால் லூஸ். குனியும்போதெல்லாம் கழன்று பேரேட்டில் விழுகிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே புரட்டுகிறார். என் பையில்தான் குட்டி ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்குமே! வாங்கி, இரண்டு திருகாணி முடுக்கி, மூக்குப் பட்டையைச் சரிசெய்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் தலையை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "எந்த வருஷம்னு சொன்னீங்க?" என்றார். இருபதே நிமிடத்தில் கட்டு மேசைக்கு வந்துவிட்டது!

நம் மனு, நம் இரண்டு கையெழுத்து. உங்கள் கையெழுத்து அன்றும் கோணல்தான். அந்த அம்மா கடைசிப் பக்கத்தைப் படித்தார், மறுபடி படித்தார். "தீர்ப்பே இல்லைம்மா" என்றார். காகிதத்தை என் பக்கம் திருப்பினார். 'மூன்று முறை அழைத்தும் இரு தரப்பும் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி.'

புரிகிறதா? நமக்கு விவாகரத்தே ஆகவில்லை! பத்தொன்பது வருடமாக நாம் புருஷன் பெண்டாட்டி! நான் அங்கேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைக் குடிக்கும்போதுதான் அழுகை வந்தது.

ஏனென்றால், அந்தக் கடைசி நாளில் நான் நான்காவது மாடி நீதிமன்ற அறைக்குப் போகவே இல்லை. வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஏற்கெனவே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு, கடைசி நாள் ஒருத்தர் வந்து சொன்னாலே போதும்." பத்து மணிக்கே வந்துவிட்டேன். கீழே லிஃப்ட் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். லிஃப்ட் வரவில்லை. வந்தால் போகலாம் என்று சொல்லிக்கொண்டேன். படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது, அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். மதியம் நீங்கள் என்னைக் கவனிக்காமலே அந்தப் படிக்கட்டில் இறங்கிப் போனீர்கள். கண் சிவந்திருந்தது. சரி, மனுஷன் சொல்லி முடித்துவிட்டார் என்று நானும் எழுந்து பஸ் ஏறினேன்.

இத்தனை வருடமும் உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. எப்படி வாய் வந்தது இந்த ஆளுக்கு என்ற கோபம். இப்போது சொல்லுங்கள். நீங்கள் சொல்லவில்லை என்றால், அன்று நான்காவது மாடியில் என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்?

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி
(சட்டப்படி உங்கள் மனைவி!)

---

மார்ச் 22

கண்ணாடிக்காரிக்கு,

நான் நான்காவது மாடியில் இல்லை. அதற்கும் மேலே, மொட்டைமாடியில், லிஃப்ட் மெஷின் ரூமில் இருந்தேன்.

ஒன்பதரைக்கே வந்தேன். நீதிமன்ற அறை வாசல்வரை போனேன், கால் உள்ளே போகவில்லை. அந்தக் கட்டட லிஃப்டைப் பார்த்துக்கொண்டவன் என் பழைய கூட்டாளி. அவனிடம் சாவி வாங்கி மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சும்மா இருக்க முடியவில்லை. கை பரபரத்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மோட்டாரைப் பிரித்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. பிரித்தேன், துடைத்தேன், மாட்டினேன். மறுபடி பிரித்தேன். இரண்டரை மணி நேரம்.

ஆமாம். நீ கீழே எந்த லிஃப்டுக்காகக் காத்திருந்தாயோ, அதை நிறுத்தி வைத்தவன் நான்தான்.

கண் சிவந்தது கிரீஸ் கையால் துடைத்ததால் என்று எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், அழுதேன். மத்தியானம் இறங்கித் தெருமுனைக் கடையில் நின்றேன். நீ கட்டடத்திலிருந்து வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று பஸ்ஸுக்குப் போனாய். சரி, சொல்லி முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கும் உன்மேல் அதே கோபம், அதே பத்தொன்பது வருடம்.

உன் கடிதத்தை மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணத்தையும் ஒழுங்கா நடத்தத் தெரியல, விவாகரத்தையும் ஒழுங்கா வாங்கத் தெரியல" என்றாள். நியாயம்தானே. சண்டை போட்டால் யார் முதலில் பேசுவது என்று நாற்பத்தோரு நாள் பேசாமல் இருந்தவர்கள் நாம். உப்பு வேண்டும் என்பதைக்கூட ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினோம். அதே வேலையை நீதிமன்றத்திலும் செய்திருக்கிறோம். நீ போவாய் என்று நான், நான் போவேன் என்று நீ.

மூன்று நாளாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சம்பந்தமில்லாமல் சிரிக்கிறேன், உதவியாட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீ என்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை! அதனால் ஒன்று கேட்கிறேன். ஒரே முறைதான் கேட்பேன், யார் முதலில் பேசுவது என்று இந்த முறை காத்திருக்கப்போவதில்லை. நான் அங்கே வந்துவிடட்டுமா? சேர்ந்து இருந்து பார்க்கலாமா?

இல்லை என்றாலும் எழுது. வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். இழுத்தடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்

---

மார்ச் 29

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து நான்கு முறை படித்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். நல்ல வேளை, ஆள் திரும்பி வந்தார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அதுதான் பிடிக்கும். அன்று நீங்கள் படிக்கட்டில் இறங்கி வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், உங்களோடு வீட்டுக்கு வந்திருப்பேன். சத்தியமாக வந்திருப்பேன். நானும் மேலே ஏறி வந்து அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். இரண்டு பேருமே செய்யவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் கேள்வியையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ முடிவு பண்ணு. ஆனா நான் காத்துக்கிட்டு மட்டும் இருக்க மாட்டேன், தினமும் வந்து கேப்பேன்" என்றார். தினமும் வந்தார். ஆறு நாளும். மழையிலும் வந்தார், ஒரு ஆட்டுக்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டும் வந்தார். எனக்கு இது புதுசு. மனசு நிறைந்திருக்கிறது. நான் அவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன்.

உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். எழுதும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்தக் கோபம் போய்விட்டது. அது என்ன பெரிய விடுதலை என்று உங்களுக்கும் தெரியும்.

புது வக்கீல் சின்னப் பெண், கெட்டிக்காரி. பத்தொன்பது வருடம் தனித்தனியாக இருந்துவிட்டதால் ஆறு மாதக் காத்திருப்புக் காலம் வேண்டாம் என்று நீதிபதியிடம் கேட்கலாம் என்கிறாள். மனு இத்துடன் இருக்கிறது, பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். மே 6, காலை பத்தரை, அதே நான்காவது மாடி. இரண்டு பேரும் கட்டாயம் நேரில் வரவேண்டும். கல்யாணத்தை ஜூன் 10க்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

பெஞ்சில் காத்திருப்பேன். சேர்ந்தே மேலே போகலாம். தயவு செய்து லிஃப்டில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி

---

மே 8

கண்ணாடிக்காரிக்கு,

பார்த்தாயா, லிஃப்டில் கை வைக்கவில்லை. இரண்டாவது மாடியில் அது ஒரு குலுக்கு குலுக்கியபோதுகூடப் பையைத் திறக்கவில்லை. நீ என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பச்சைப் புடவை உனக்கு நன்றாக இருந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. நீதிபதி கேட்டதும் நீ "சம்மதம்" என்று சொன்னாய். எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. அவர் மறுபடி கேட்டார். நீ அவசரப்படுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பக்கத்திலேயே நின்றாய். அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது. கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் நாம் இருவரும் சேர்ந்து ஒழுங்காகச் செய்து முடித்த முதல் காரியம் இதுதான் என்று மகளிடம் சொன்னேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

வெளியே டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். அவர் கண்ணாடியின் இடது கால் லூஸ். கவனி.

எனக்குத் தந்த தீர்ப்பு நகல் டூல்ஸ் பெட்டியில் கிரீஸ் டப்பாவுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. தைலமும் நேற்றிலிருந்து நிஜமாகவே தேய்க்கிறேன். ஜூன் 10ஆம் தேதி நான் வரவில்லை. கோபம் இல்லை, அவ்வளவு தூரம் எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

நேற்றே கிளம்பியிருக்க வேண்டும், ஒரு நாள் தங்கிவிட்டேன். நீ கல்யாணம் பதியப்போகும் கட்டடத்துக்குப் போனேன். காவலாளியிடம் என் லிஃப்ட் மெக்கானிக் அட்டையைக் காட்டி மெஷின் ரூமைத் திறக்கச் சொன்னேன். மோட்டார், பிரேக், கயிறு, கதவு எல்லாம் பார்த்தேன். கதவில் ஒரு ரோலர் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். பதினோரு தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். கீழேயிருந்து ஆறாவது மாடிக்கு முப்பத்தெட்டு விநாடி. நடுவில் எங்கேயும் நிற்காது.

தைரியமாக ஏறு.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்