குமிழி வந்ததா என்று கேட்டிருந்தாய்

சேசு மரி சூசை துணை

ஆவடி,
14-7-1968, ஞாயிறு.

பிரியமுள்ள தம்பி மனோகரனுக்கு, அக்கா ஞானம்மாள் எழுதுவது. கடல் மேல் நீ சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை, இன்றைக்கு அதை எழுத மாட்டேன் என்கிறது.

பினாங்கிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. புஷ்பாவின் நிச்சயதார்த்தம் எப்படி நடந்தது, ஒயினை எல்லாரும் மெச்சினார்களா, குமிழி வந்ததா என்று கேட்டிருந்தாய். குமிழி வந்தது. நிச்சயதார்த்தம்தான் நடக்கவில்லை. உன் மருமகளுக்கு இடது கண் போய்விட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல நாலு தாள் கிழித்துப் பார்த்தேன், வரவில்லை. அதனால் இப்படிப் போட்டு உடைக்கிறேன்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, முதலில் அதைப் புரிந்துகொள். தூத்துக்குடியில் அம்மா காலத்திலிருந்தே கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாடி திராட்சை ஒயின் போடுவது நம் வீட்டு வழக்கம். மதுவிலக்கு வந்தும் நாம் விடவில்லை. இந்தக் குவார்ட்டர்ஸில் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு வாசனை போகாமல் ஈரத்துணி போட்டு மூடி, இருபத்தொரு நாள் கிண்டுவேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்த நீ அதைக் குடித்துப் பார்த்து, அக்கா இது இருமல் மருந்து, கப்பலில் வெள்ளைக்காரன் குடிப்பது மாதிரி நான் பொங்க வைத்துக் காட்டுகிறேன் என்றாய். பாட்டிலுக்கு ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்து, தக்கை அடித்து, கம்பி கட்டி, ஈர மணலில் புதைத்து வைத்தாய். பொங்கல் கழித்து 'டப்' என்று திறந்தபோது உன் அத்தானே கை தட்டினார்.

அதோடு விட்டாயா? ஆரஞ்சுச் சாறு கலந்தால் ஞானஸ்நானத்துக்கு, ரோஸ் சர்பத் கலந்தால் நிச்சயதார்த்தத்துக்கு, இஞ்சியும் எலுமிச்சையும் என்றால் புரமோஷனுக்கு, வெயிலுக்கு நன்னாரி என்று ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். கப்பல் பாரில் நிற்கிறவனுக்கு எல்லா விசேஷத்துக்கும் ஒரு கலவை தெரிந்திருக்கிறது. கெட்டது நடந்தால் என்ன செய்வது என்று மட்டும் நீ எழுதவில்லை. பட்டியலை நான் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். நீ கொடுத்த அடி குழிந்த தடிப் பாட்டில்கள் நாலுதான். நிச்சயத்துக்கு நாற்பது பேர் வருவதாக இருந்தது. மீதிக்கு ஸ்குவாஷ் பாட்டில்களைக் கழுவி நிரப்பினேன், அவற்றின் கண்ணாடி மெல்லிசு. ஈஸ்டருக்குப் போட்டதில் குமிழி போதவில்லை என்று இந்தத் தடவை சர்க்கரையை இரண்டு கரண்டியாக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மூக்கறுபடக் கூடாதே என்ற பவிசு.

உன் அத்தான் குற்றமும் உண்டு. பாக்டரியில் பட்டாள டாங்கிக்குள் சொட்டுத் தண்ணீர் போகாமல் அடைக்கிற வேலை அவருடையது. வீட்டில் குழாய் சொட்டினால்கூட அவருக்குச் சோறு இறங்காது. தக்கையோரம் காற்று 'ஸ்ஸ்' என்று கசிவதைப் பார்த்துவிட்டார். கசிந்தால் அது மூடியே இல்லை என்று சொல்லி, ரப்பரில் வாஷர் வெட்டி, மேலே தகரம் வைத்து, இரட்டைக் கம்பியைக் குறடால் முறுக்கினார். ஒரு பொட்டுக் கசிவில்லை. நானும் புஷ்பாவும் மெச்சினோம். அதுவரை அந்தக் கசிவுதான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது.

மே பத்தொன்பதாம் தேதி. கத்திரி வெயில். காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் பாட்டில்களை எடுத்துத் துடைத்து வை என்று புஷ்பாவிடம் நான்தான் சொன்னேன். புதுத் தாவணியோடு மணல் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். இரண்டாவது பாட்டிலைத் தூக்கும்போது வெடித்தது.

தம்பி, அடுத்ததை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருக்கிறாள், விரலிடுக்கில் இரத்தம். வீடு முழுக்க ஒயின் வாடை. இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனால் மதுவிலக்கு கேஸ், அரசாங்க வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும் என்றார் அத்தான். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவள் தாவணியை மாற்றினேன், தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவர் மீதிப் பாட்டில்களையெல்லாம் சாக்கடையில் ஊற்றி, கலப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த கோலி சோடாவில் ஒன்றை அம்மியில் அடித்து உடைத்து, சில்லுகளைத் தரையில் போட்டார். அரை மணி நேரம் ஆனது. கொஞ்சம் முன்னாலே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சோடா பாட்டில் வெடித்தது என்று சொன்னோம். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். தேவ சித்தம் எதுவென்று பொறுத்துப் பார்ப்போம் என்றார்களாம். அவர்கள் சித்தம் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அது போகட்டும்.

நான் சோறு தண்ணீர் இறங்காமல் கிடப்பது வேறொன்றுக்காக. எங்களுக்குச் சோடா போடுகிறவர் நெமிலிச்சேரி திருவேங்கடம். ஸ்டேஷன் பக்கம் சின்னக் கொட்டகையில் மெஷின் வைத்து, தானே சுற்றி, தானே சைக்கிளில் கொண்டுவருவார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துப் போலீஸ் அவரிடம் போனது. மெஷினுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கவனக்குறைவால் கண்ணைக் கெடுத்ததாக அவர் மேல் கேஸ். வருகிற வியாழக்கிழமை பூந்தமல்லி கோர்ட்டில் புஷ்பா சாட்சி சொல்ல வேண்டும்.

அந்த மனுஷன் எங்கள் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் நுங்கோ கொய்யாவோ கொண்டுவந்து கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறார். உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை. ஒவ்வொரு பாட்டிலையும் தட்டிப் பார்த்துத்தான் காற்று ஏற்றுவேன், இது எப்படித் தப்பியது என்று தெரியவில்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பார். இன்று வந்தவர் இன்னொன்று சொன்னார். முந்தாநாள் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

"எனக்கு ரெண்டு கீதும்மா. வயசாயிடுச்சு, ஒண்ணு போதும். இன்னொண்ண எடுத்து அந்தப் பொண்ணுக்கு வெச்சிடுங்கனு டாக்டரு கால்ல உயுந்தேன். அப்டியெல்லாம் ஆவாதுன்னு அனுப்சிட்டாங்கோ."

கையில் நுங்கை வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதும், ஜன்னலோரம் இருந்து கேட்டுக்கொண்டிருந்த புஷ்பா எழுந்து வந்தாள். இரண்டு மாதமாக அவள் பேசுவதே அபூர்வம்.

"அம்மா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் கெட்டவரில்லை, உனக்கே தெரியும். ஆனால் அவனுக்கு மெஷின் போனால் வேறு கூலி கிடைக்கும், எனக்கு இந்த வேலை போனால் நாம் எங்கே போவது என்கிறார். அதே கணக்கை நானும் இத்தனை நாளாய்ப் போட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குக்கூடப் போகாமல் இருந்தேன். போய் இந்தப் பாவத்தைச் சொன்னால் சாமியார் என்ன சொல்வாரென்று தெரியும். இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

திங்கள், மாலை.

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். முடிவு செய்துவிட்டேன். ஒயின் போட்டது நான், சர்க்கரை சேர்த்தது நான், பாட்டில் கட்டியதும் நான், என் புருஷனுக்கு ஒன்றும் தெரியாது என்று கோர்ட்டில் சொல்லப்போகிறேன். பாதி பொய்தான். ஆனால் அதனால் இன்னொருவன் குடி கெடாது. இதைக் காலையில் டிபன் கேரியரைக் கையில் கொடுக்கும்போது அத்தானிடம் சொன்னேன். கேரியரை ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு, என் பெயர் வராதே என்று கேட்டார். வராது என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அந்த ஒரு கேள்வியை மன்னிக்க எனக்கு நாளாகும்.

மத்தியானம் நெமிலிச்சேரிக்குப் போனேன். சீல் வைத்த மெஷினுக்குப் பக்கத்தில் திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப என் பாட்டிலு இல்லியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அவர் பெண்சாதி கன்னியம்மா என்னைக் கேட்டதையெல்லாம் எழுத மாட்டேன். அவ்வளவும் நியாயம்.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது வியாழக்கிழமை கடந்திருக்கும். உன் பட்டியலை அடுப்பில் போட்டுவிட்டேன், உன் பெயரும் வராது. நீ லீவு கேட்டுக்கொண்டு ஓடி வராதே, வந்தால் கேள்வி வரும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. தூத்துக்குடிக்காரிக்கு ஜெயிலிலும் ஒரு மூலை கிடைக்கும். அத்தானுக்குச் சோறு வடிக்கப் புஷ்பாவுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது. பங்குக்கோயில் விலாசம் போட்டால் சாமியார் கொடுத்துவிடுவார். நீ போகிற ஊர், பார்க்கிற மீன், கப்பலில் வருகிற கிறுக்கர்கள், எதையாவது எழுது. வாரம் ஒன்று எழுது. நான் கூட இருந்து வாசித்துச் சொல்ல முடியாது, அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது ராசா. பனிமய மாதா உன்னை எந்தக் கடலிலும் கைவிடாதிருப்பாளாக.

உன் அக்கா,
ஞானம்மாள்