வரப்புல ஓடுற மாதிரி ஓடுறேனாம், அண்ணி

என் உசுருக்கு உசுரான அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான் வாய் வருது. போன எடத்துல பெருமாள் உங்கள உக்கார வெச்சிருக்காரா, இல்ல அங்கயும் விடியக்காலையில எழுந்து ஓடுறீங்களா?

இங்க எனக்கு வலது முட்டி போச்சு, அண்ணி. மாடிப்படி எறங்குனா உசுரு போகுது. ஆனா யார்ட்டயும் சொல்லல. சொன்னா எங்க அண்ணன் ஓட விடமாட்டாரு. உங்க பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதுமே சொல்லிட்டாரு, “அவள ஓட்டந்தான் கொண்டுபோச்சு. நீ ஒருநாள் நொண்டுறதப் பாத்தேன்னாக்கூட ஷூவத் தூக்கிக் கொளத்துல எறிஞ்சிருவேன்”னு. ரத்தக்கொழாய்ல ரொம்ப நாளா அடைப்பு இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னது அவரு காதுல ஏறவே இல்ல. பொண்டாட்டியத் தூக்கத்துல பறிகொடுத்த மனுசன், எதையாச்சும் திட்டணும்ல.

ஓடாம நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க? எனக்குச் சக்கர கொறஞ்சதே அதுலதான். அதவிட, ஹரித்ராநதிக் கொளத்தச் சுத்துற அந்த நேரம் மட்டுந்தான், மூச்சு வாங்குறதுல நீங்க இல்லங்கறத மறக்குறேன். ராஜகோபாலன்ட்ட வேண்டிக்கிட்டேன். நாகூர் ஆண்டவர்ட்டயும் வேண்டிக்கிட்டேன். தைலம் தேச்சேன், முட்டிக்கு ஒறை போட்டேன். ஒண்ணுத்துக்கும் கேக்கல.

அப்பறம் வடகரையில நடக்க வர்ற பி.டி. டீச்சர் ஒருத்தங்க நான் ஓடுறதப் பின்னாலேர்ந்து செல்லுல வீடியோ எடுத்து, என்ன நிறுத்திக் காட்டுனாங்க. பாத்தா எனக்கே வெக்கமாப் போச்சு. கூன் போட்டுக்கிட்டு, தரையவே பாத்துக்கிட்டு, ஒரு காலுக்கு நேர் முன்னாடி இன்னொரு கால வெச்சு ஓடுறேன்.

“ஏம்மா, ரோடு இவ்ளோ அகலமாக் கெடக்கு. நீங்க ஏன் வரப்பு மேல ஓடுறீங்க?”ன்னாங்க.

சிரிச்சேன், அப்பறம் அழுதுட்டேன். சின்னப் புள்ளையிலேர்ந்து வரப்புல நடந்த காலு, அண்ணி. வழுக்கி நாத்துல விழுந்தா அடி விழும். உங்களுக்கும் அப்படித்தானே? நீங்க முன்னாடி, நான் பின்னாடின்னு தார் ரோட்டுலயும் ஒத்தையடியாத்தானே ஓடுனோம். பஸ்காரன் ஹாரன் அடிச்சா, இதுக்கு மேல ஒதுங்கணும்னா கொளத்துலதான் எறங்கணும்பீங்க.

டீச்சர் சொல்றாங்க, நடுவுல ஒரு கோடு இருக்கறதா நெனச்சுக்கிட்டு, எடது காலு எடது பக்கமும் வலது காலு வலது பக்கமும் விழணுமாம். கால நீட்டிக் குதிகாலக் குத்தாம, சின்னச் சின்ன எட்டா வெக்கணுமாம். இடுப்ப மடக்கக் கூடாதாம். தோளத் தளர விடணுமாம். கண்ணு தூரத்துல இருக்கணுமாம். தூரத்துல எதப் பாக்குறது? இத்தன வருசமா உங்க முதுகையும் காலையுந்தானே பாத்து ஓடுனேன்?

நெனப்பு இருக்கற வரைக்கும் காலு கேக்குது. மனசு எங்கயாச்சும் போச்சுன்னா திரும்ப வரப்புல ஏறிக்குது. இந்த வயசுல காலுக்குப் புதுசாச் சொல்லிக்குடுக்க முடியுமா? அது கத்துக்கற வரைக்கும் முட்டி தாங்குமா? பயமா இருக்கு, அண்ணி.

நேத்து சொல்லாம கொள்ளாம அண்ணன் கீழ்கரையில வந்து நின்னாரு. எனக்கு முட்டி தீயா எரியுது. பல்லக் கடிச்சுக்கிட்டு, தலைய நிமித்தி, கால அகட்டி வெச்சு, அவரத் தாண்டி ஓடுனேன். ஒரு சுத்து சுத்தி வந்தா அதே எடத்துல நிக்கிறாரு, கண்ணு கலங்கிக்கிட்டு.

“அவ ஓடி நான் ஒருநாளும் பாத்ததில்ல”ன்னாரு. அப்பறம், காலெல்லாம் நல்லா இருக்கான்னு கேட்டாரு. நல்லாத்தான் இருக்குன்னுட்டேன்.

வீட்டுல வந்து ஷூவக் கழட்டுறப்ப கை நின்னு போச்சு. அந்தக் கடைசி வாரம் ஓடி முடிச்சு நெஞ்சத் தடவிக்கிட்டே நின்னீங்களே. என்ன அண்ணின்னு கேட்டதுக்கு, “கேஸுடி, ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்”னீங்க. கேஸுன்னு நீங்க நெசமாவே நம்புனீங்களா? இல்ல, சொன்னா ஓட விடமாட்டாருன்னு முழுங்கிட்டீங்களா? இத நான் யார்ட்டப் போயி கேப்பேன்?

நான் முழுங்க மாட்டேன், அண்ணி. இத எழுதி முடிச்சதும் அண்ணன்ட்டத்தான் போறேன், முட்டி வலிக்குதுன்னு சொல்ல. கத்துனாக் கத்தட்டும், ஷூவ எறிஞ்சா எறியட்டும். வலிக்கிற நாள்ல நடப்பேன், வலிக்காத நாள்ல ஓடுவேன். எந்த நாளு எதுன்னு அவர்ட்ட மறைக்க மாட்டேன். உங்க மேல சத்தியம்.

நாத்தனாரா இருந்து உங்க தங்கச்சியாவே ஆயிட்ட,
செல்வி